எங்கள் செஞ்சி வட்டம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிப் போகின்றவர், ஏறத்தாழ இருபத்தெட்டுக் கிலோமீட்டர் கடக்கும்போது நிலத்தின் தோற்றம் மாறுவதைக் காண்பர். அதுவரையில் சமவெளியாய்ப் பரந்து கிடந்த வயல்களின் நடுவே, யாரோ கூடை கூடையாய்க் கொட்டிவிட்டுப் போனாற்போல் உருண்டைப் பாறைகள் குவிந்து குன்றுகளாய் நிற்கும். ஒரு பாறைமேல் ஒரு பாறை, அதன்மேல் மற்றொன்று. இப்பொழுது விழுமோ, எப்பொழுது விழுமோ என்று புதியவர் அஞ்சுவர். அவை பல்லாயிரம் ஆண்டுகளாக அப்படியே நிற்கின்றன. இந்தக் குன்றுகளும், இவற்றினடியில் கிடக்கும் ஏரிகளும், ஏரிகளைச் சுற்றிய ஊர்களும் சேர்ந்ததே செஞ்சி வட்டம்.

இவ்வட்டத்தில் பேரூராட்சி என்னும் தகுதி பெற்ற ஊர்கள் இரண்டு. ஒன்று செஞ்சி. மற்றொன்று அதற்குத் தெற்கே உள்ள அனந்தபுரம். அதுவே என் ஊர். வெளியூரில் என் ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஆந்திர நாட்டு அனந்தபுரமா? கேரளத்துத் திருவனந்தபுரமா?" என்று கேட்பார்கள். "இரண்டும் இல்லை; செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்து அனந்தபுரம்" என்று விடையிறுத்த பிறகுதான் அவர்கள் முகத்தில் தெளிவு பிறக்கும். கோட்டையின் நிழலில் வாழும் ஊர்களுக்குத் தம் பெயரைக்கூடக் கோட்டையைச் சொல்லித்தான் விளக்க வேண்டியிருக்கிறது!

எங்கள் பக்கத்தில் மண் வளம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஏரிக்குக் கீழே நெல் விளையும். மேட்டு நிலத்தில் மணிலா விளையும். வேர்க்கடலையை எங்கள் மக்கள் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் கூறுவர். ஆறு என்று சொல்லத்தக்கது சங்கராபரணி ஒன்றே. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றித் தென்கிழக்காக ஓடித் தொண்டியாற்றோடு சேருமிடத்தில் வீடூர் அணையை அடைகிறது. பின்னர்ப் புதுச்சேரி எல்லைக்குள் புகுந்து கடலில் கலக்கிறது. 1959ஆம் ஆண்டில் முடிந்த அவ்வணையின் நீர் தமிழ்நாட்டு வயல்களுக்கும் புதுச்சேரி வயல்களுக்கும் பாய்கிறது. ஆயினும் அந்த ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரியும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் வெள்ளம். பெய்யாவிட்டால் வெறும் மணல். ஆதலால் எங்கள் முன்னோர் ஆற்றை நம்பி வாழவில்லை. மழைநீர் ஓடிவரும் சரிவுகளைக் கண்டறிந்து, குறுக்கே கரை போட்டு, ஏரிகளை அமைத்தனர். ஒரு முறை இராசகிரியின் உச்சியிலிருந்து கீழே நோக்கினேன். கண்ணுக்கெட்டிய மட்டும் ஏரிகள் வெள்ளித் தட்டுகளைப் பரப்பி வைத்தாற்போல் ஒளிர்ந்தன. அன்றுதான் எங்கள் நாட்டின் உண்மையான அரண் எது என்னும் ஐயம் எனக்குப் பிறந்தது.

கோட்டையைப் பற்றிச் சொல்லுமுன் அதனினும் பழைய செய்தி ஒன்றைச் சொல்லுதல் தகும். செஞ்சி நகருக்கு வடக்கே திருநாதர்குன்று என்னும் பாறை இருக்கிறது. அதில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததை அங்குள்ள பழங்கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது. 'ஐ' என்னும் எழுத்தின் மிகத் தொன்மையான வடிவம் அக்கல்வெட்டில் உள்ளதென எழுத்தாய்வாளர் கூறுவர். அண்மையிலுள்ள சிங்கவரத்தில் பாறையைக் குடைந்த கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தளவானூரில் மகேந்திரவர்ம பல்லவன் எடுத்த குடைவரை உண்டு. அனந்தபுரத்துக்கு அப்பால் பனமலையில் இராசசிம்மன் கட்டிய கோயிலும், அதன் சுவரில் மங்காமல் எஞ்சிய பல்லவர் ஓவியமும் உள்ளன. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இன்றும் விளங்குகிறது. இவற்றைப் பார்க்க வருவோர் சிலர். கோட்டையைப் பார்க்க வருவோர் பலர்.

அந்தக் கோட்டை மூன்று குன்றுகளை ஒன்றாகப் பிணைத்து நிற்பது. இராசகிரி, கிருட்டினகிரி, சந்திரகிரி என்பன அக்குன்றுகள். இவற்றைச் சுற்றி ஓடும் மதிலின் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். இராசகிரி 800 அடி உயரம். அதன் உச்சிக்குப் போகும் வழியில் ஓர் ஆழ்ந்த பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் இட்ட பாலத்தை எடுத்துவிட்டால் மேலே உள்ளவனைக் கீழே உள்ளவன் அணுக இயலாது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக் கோன் என்னும் ஆயர் குலத் தலைவன் இங்கு முதலில் அரண் அமைத்தான் என்பது மரபு. அவன் வழிவந்த கிருட்டினக் கோன் பெயரால் வடகுன்று வழங்குகிறது. பின்னர் விசயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர் ஆண்டனர். 1597ஆம் ஆண்டில் இங்கு வந்த பிமெண்டா என்னும் பாதிரியார், இலிசுபன் ஒன்று நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டு நகரம் எதனினும் செஞ்சி பெரியது என்று வியந்து எழுதினார். இன்று செஞ்சிக் கடைத்தெருவில் நின்று அதை நம்புவது சற்றுக் கடினம்தான்.

நாயக்கருக்குப் பின் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீசப்பூர்ச் சுல்தானின் படை கோட்டையைக் கைப்பற்றியது. 1677இல் சிவாசி அதனை வென்று மதில்களை வலுப்படுத்தினார். அவர் மகன் இராசாராம் 1689இல் மராட்டிய நாட்டினின்று தப்பி வந்து இங்கே புகலடைந்தார். ஔரங்கசீப்பின் படைத்தலைவன் சுல்பிகர்கான் 1690இல் முற்றுகையிட்டான். முற்றுகை ஒரு மாதம் நடந்ததா, ஓராண்டு நடந்ததா? 1698வரையில் நீடித்தது! கோட்டை வீழ்ந்தபோது இராசாராம் உள்ளே இல்லை, முன்னரே தப்பிவிட்டார். அத்தனை ஆண்டுகள் ஒரு கோட்டை தாங்கியதற்குக் காரணம் மதில் மட்டும் என்று நான் எண்ணவில்லை. உள்ளே சக்கரகுளம், செட்டிகுளம், யானைக்குளம் என நீர்நிலைகள் பல உண்டு. குன்றின்மேலும் வற்றாத சுனைகள் உண்டு. நெல்லைக் கொட்டிவைக்கப் பெருங் களஞ்சியங்கள் உண்டு. கலியாண மகாலின் மேல்மாடங்களுக்குச் சுடுமண் குழாய் வழியே நீர் ஏற்றியிருக்கிறார்கள். தண்ணீரையும் நெல்லையும் காத்துக்கொண்டவன் கோட்டையைக் காத்தான்.

இனி, தேசிங்கு ராசனின் கதை. எங்கள் வட்டத்தில் அதைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. முரட்டுக் குதிரையை அடக்கிய இளைஞன். மணவறையை விட்டுப் போருக்கு ஓடிவந்த அவன் நண்பன் முகமதியன். கணவனோடு தீப்புகுந்த இராணி. அவள் நினைவாகவே ஆர்க்காட்டை அடுத்து இராணிப்பேட்டை எழுந்தது என்பர். கதைப்பாடலைக் கேட்டால் கண்ணீர் வரும். ஆனால் போர் எதன் பொருட்டு மூண்டது என்று பாடலைக் கேட்பவர் கேட்பதில்லை. அது வரிப்பாக்கியின் பொருட்டு மூண்டது. முகலாயப் பேரரசர் செஞ்சியைச் சரூப்சிங் என்னும் புந்தேலத் தலைவனிடம் ஒப்படைத்திருந்தார். அவன் மகனே தேசிங்கு. தந்தை இறந்தபின் மகன் பதவி ஏற்க, ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் பழைய பாக்கியைக் கேட்டான். "எனக்கு உரிமை தந்தவர் தில்லிப் பேரரசர்; நடுவில் நீ யார்?" என்பது தேசிங்கின் நிலை. "இந்நாட்டு வரியைத் தண்டும் பொறுப்பு என்னுடையது" என்பது நவாபின் நிலை. 1714ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள், சில நூறு குதிரை வீரரோடு பெரும்படையை எதிர்த்துச் சென்ற தேசிங்கு களத்தில் மாண்டான். வயது இருபத்திரண்டு அளவே இருக்கும். யார் யாருக்கு வரி கட்டுவது, யார் அதற்குக் கணக்குக் காட்டுவது என்பது தெளிவாக எழுதப்படாத நாட்டில் ஓர் இளைஞனின் உயிர் அதற்கு விலையாயிற்று. இவ்வரலாற்றை ஆவணங்களோடு ஆராய்ந்து சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் ஒரு நூல் வெளியிட்டார்.

1750இல் புசி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஓரிரவில் கோட்டையைப் பிடித்தான். 1761இல் ஆங்கிலேயர் பிடித்தனர். பிறகு ஐதர் அலியின் படையும் ஒரு முறை வந்து போயிற்று. அத்துடன் பீரங்கி ஒலி அடங்கியது. 1801இல் நவாபின் நாடு முழுவதும் கும்பினியாரின் ஆட்சிக்குட்பட்டது. எங்கள் பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1993இல் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது நாங்கள் விழுப்புரம் மாவட்டத்தினர் ஆனோம். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியர் காலத்து அரண்கள் பன்னிரண்டினுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது இஃதொன்றே.

ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் சொற்கள் போகவில்லை. வட்ட அலுவலகத்தின் வாயிலில் ஒரு நாழிகை நின்றால் இது விளங்கும். தாலுகா, தாசில்தார், பிர்கா, சிரஸ்தார், வசூல், பாக்கி, ஜமாபந்தி, பசலி என்று காதில் விழும் சொற்களெல்லாம் சுல்தானும் முகலாயரும் நவாபும் விட்டுச் சென்றவை. இவற்றுட் சிலவற்றை இன்று வட்டம், வட்டாட்சியர், குறுவட்டம், வருவாய்த் தீர்வாயம் என நல்ல தமிழில் எழுதுகிறோம். ஆனால் உழவர் நாவில் பழைய சொல்லே புரள்கிறது. பசலி ஆண்டு சூலை முதல் நாளில் தொடங்குகிறது. 2025 சூலையில் பிறந்தது 1435ஆம் பசலி. அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி அமைந்த அந்தக் கணக்கே இன்றும் எங்கள் நிலத்தின் அடங்கலில் எழுதப்படுகிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 'கவுண்டி' என்றோர் ஆட்சிப் பிரிவு உண்டு. அங்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. தெக்சாசு மாநிலத்தில் மட்டும் 254. பெரும்பாலான கவுண்டிகளில் காவல் தலைவரான ஷெரிபையே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி மதிப்பிடுபவரைக்கூடப் பல இடங்களில் வாக்களித்தே அமர்த்துவர். எங்கள் வட்டாட்சியரை அரசு அமர்த்துகிறது. அவருக்கு மேலே திண்டிவனத்தில் கோட்டாட்சியரும் விழுப்புரத்தில் மாவட்ட ஆட்சியரும் உள்ளனர். கீழே ஊர்தோறும் கிராம நிர்வாக அலுவலர். 1980இல் பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் நீக்கப்பட்ட பிறகு தோன்றிய பதவி அது. மற்றொரு புறம் ஊராட்சித் தலைவரும் ஒன்றிய உறுப்பினரும் பேரூராட்சி உறுப்பினரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆக, நிலக் கணக்கு ஒருவர் கையில். தெரு விளக்கு மற்றொருவர் கையில். எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிந்துகொள்வதே ஒரு கல்வி. அக்கல்வி எனக்கு ஓர் ஏரியால் கிடைத்தது.

நான் பள்ளியிறுதி வகுப்பில் பயின்ற காலம். எங்கள் வயல்களுக்கு நீர் தரும் சிற்றேரி, மழை நன்கு பெய்தும் இரண்டு ஆண்டுகளாக நிரம்பவில்லை. பெரியவர்கள் வரத்துக் கால்வாயின் வழியே நடந்து பார்த்தனர். மேட்டுப்பக்கத்தில் ஓரிடத்தில் கால்வாயே இல்லை. மணிலாச் செடி தழைத்திருந்தது. அந்நிலத்துக்கு உரியவர் எங்கள் தெருக்காரர். என் தந்தையை "அண்ணா" என்று அழைப்பவர். அவருக்கு அந்த ஒரு துண்டு நிலந்தவிர வேறு சொத்து இல்லை. "இது என் பாட்டன் உழுத மண், இங்கே கால்வாய் இருந்ததை நான் கண்டதில்லை" என்றார். அவர் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. இளைஞர் சிலர் மண்வெட்டியோடு புறப்பட்டனர். என் தந்தை அவர்களைத் தடுத்து, "நாம் வெட்டினால் பகைதான் மிஞ்சும், கணக்கு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்" என்றார்.

எங்கே கேட்பது? நூறு ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரியாயின் பொதுப்பணித் துறை. அதற்குக் குறைந்ததாயின் ஊராட்சி ஒன்றியம். எங்களுடையது சிறியது. ஒன்றிய அலுவலகத்தில், தூர் வாருவது தங்கள் வேலை என்றும், எல்லை காட்டுவது வருவாய்த் துறையின் வேலை என்றும் கூறினர். ஆகவே அவ்வாண்டு ஜமாபந்தியில் மனுக் கொடுத்தோம். ஊர்க் கணக்குகள் அனைத்தையும் மேசைமேல் விரித்து உயர் அலுவலர் சரிபார்க்கும் நாள் அது. யாரும் மனுக் கொடுக்கலாம். மனுவை எழுதியவன் நான். கையெழுத்திட்டோர் முப்பத்தொருவர்.

சில வாரங் கழித்து நில அளவர் சங்கிலியோடு வந்தார். புல வரைபடத்தில் அந்தக் கால்வாய் மெல்லிய இரட்டைக் கோடாக ஓடிற்று. அதன் எல்லைக் கல் ஒன்றைத் தேடி ஒரு முழம் தோண்டினர், கிடைத்தது. தெருக்காரர் கல்லைப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "செடி காய்க்கிற வரையில் பொறுங்கள் அண்ணா" என்றார். அலுவலர் என் தந்தையை நோக்கினார். "மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது; காயைப் பறித்துக்கொள்ளட்டும்" என்றார் தந்தை. சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனினும் அவ்வாறே முடிவாயிற்று.

புரட்டாசியில் அவர் மணிலாவைப் பிடுங்கினார். மறுநாள் காலையில் முதல் மண்வெட்டியைப் போட்டவரும் அவரே. கால்வாய் பிடித்துக்கொண்டதுபோக எஞ்சிய நிலத்துக்கும் ஏரிநீர் பாயுமாறு ஒரு சிறு வாய்க்கால் விடுவதென ஊரார் ஒப்பினர். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கோடி போயிற்று. வழிந்த நீர் கீழூர் ஏரியை நோக்கி ஓடியது. அவ்வூரார் தங்கள் கால்வாயைச் செப்பனிட மண்வெட்டிகளோடு வந்துகொண்டிருந்தனர்.