ஆட்டுரலில் நட்ட கொய்யாக் கொப்பு

“தண்ணி தெளிச்சியாலே?”

சின்ன வயதில் பெரும்பாலான காலைகள் எனக்கு இந்தக் கேள்வியோடுதான் விடிந்தன. ஆச்சி அடுக்களையில் இருந்தபடியே கேட்பாள். நான் புறவாசல் தாழ்வாரத்தில் வாரியலோடு நின்றுகொண்டிருப்பேன். கிளியின் இடத்தைப் பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது ஆச்சியின் சட்டம். காய்ந்த எச்சமும் இறகுத் துகளும் பறந்து மூக்கில் ஏறக் கூடாது. ஆச்சிக்கு இளைப்பு உண்டு. கார்த்திகை, மார்கழி வந்தால் இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பாள். அதனால் சொல்கிறாள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். 1983, மாசி மாதம். செங்கல் சூளைக்காக ஊருக்கு வெளியே பனை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிளிகள் குஞ்சு பொரிக்கும் பருவம் அது. சாய்ந்த பனை ஒன்றின் பொந்தில் மூன்று குஞ்சுகள் இருந்தன. இரண்டு விழுந்த இடத்திலேயே செத்துப்போயின. மூன்றாவதை மாமா துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் முள் முள்ளாக இறகுக் குருத்து, பெரிய தலை, மூடித் திறக்கும் கண். இடது சிறகு தொங்கியது. ஆச்சி பாசிப்பயறை ஊறவைத்து, வேகவைத்து, மைபோல மசித்து, பூவரச இலையைக் கரண்டிபோல மடித்து ஊட்டினாள். பிழைக்கும் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. அது பிழைத்தது. சிறகு கோணலாகவே கூடிவிட்டதால் பறக்க மட்டும் வரவில்லை.

ஆச்சி அதற்கு அஞ்சுகம் என்று பெயர் வைத்தாள். பெண் கிளி என்று அவள் முடிவு. மூன்றாம் வருஷம் கழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடும், பிடரியில் ரோஜா நிறமும் மெல்லத் தெரிய ஆரம்பித்தபோதுதான் ஆண் என்று தெரிந்தது. பச்சைக்கிளியில் ஆணுக்குத்தான் அந்த ஆரம் உண்டு. “இருந்துட்டுப் போகட்டும், அஞ்சுகம் அஞ்சுகம்தான்” என்று ஆச்சி சொல்லிவிட்டாள்.

பறக்க முடியாத கிளியைக் கூண்டிலும் அடைத்துவைத்தால் அதற்கு என்னதான் மிச்சம்? ஆச்சி கேட்டது இது. பூனைக்குப் பயந்து இரவில் மட்டும் கம்பிக் கூண்டு. பகல் முழுக்க அது ஏறி இறங்க, கடிக்க, குதற, ஊஞ்சலாட ஓர் இடம் வேண்டும். புறவாசல் தாழ்வாரத்தின் கிழக்கு மூலையை அதற்கென்று ஒதுக்கினோம். காலை வெயில் இரண்டு மணி நேரம் சாய்வாக விழும் மூலை.

முதலில் வைத்தது ஒரு தச்சர் இழைத்துக் கொடுத்த கம்பு. வழவழவென்று, ஒரே கனத்தில், அழகாக இருந்தது. ஒரு மாதத்தில் அஞ்சுகத்தின் உள்ளங்கால் சிவந்து புண்ணாக ஆரம்பித்தது. கிளியின் காலில் இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். இடுக்கிபோல அது கொப்பைப் பிடிக்கிறது. ஒரே கனமுள்ள கம்பில் நாள் முழுக்க நின்றால் பாதத்தின் ஒரே இடத்தில் பாரம் விழுந்துகொண்டே இருக்கும். மரத்தில் அப்படி இல்லை. ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு, ஒரு கணு, ஒரு வளைவு. ஆச்சி புண்ணுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவிவிட்டு, “மரத்துல பிறந்ததுக்கு மரத்தைக் கொடுங்கல” என்றாள்.

கிணற்றடியில் நின்ற கொய்யாவில் மூன்று கவடு உள்ள கொப்பாகப் பார்த்து அப்பா வெட்டினார். அதை எதில் நடுவது? குழவி உடைந்து, கிரைண்டர் வந்தபின் மூலையில் கிடந்த பழைய ஆட்டுரல்தான் கைகொடுத்தது. அதன் குழியில் கொப்பை நிறுத்தி, சுற்றிலும் கூழாங்கல் செருகி, மேலே ஆற்றுமணலைக் கொட்டிக் கெட்டித்தோம். புயலடித்தாலும் அசையாது. அவ்வளவு பாரமான கல்லில் அவ்வளவு இலேசான பறவை. கொப்பில் இலையோடு விட்டிருந்தோம். அஞ்சுகம் முதல் நாளே ஓர் இலை விடாமல் கிள்ளிக் கீழே போட்டது. மறுநாள் பட்டையை உரிக்கத் தொடங்கியது. அலகு வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பறவை அது. கடித்துத் தேய்த்தால்தான் அளவோடு நிற்கும். நாசம் பண்ணுகிறது என்று பார்க்கிறவர்கள் சொன்னார்கள். அது தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஒருமுறை கோயில் நந்தவனத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த, பூவோடு கூடிய கொப்பு ஒன்றை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாசலிலேயே ஆச்சி அதைத் தட்டிவிட்டாள். அரளி. கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவச் சொன்னாள். கொய்யா, வேம்பு, முருங்கை இதற்கு மேல் எதையும் கேட்காமல் கொண்டுவரக் கூடாது என்று அன்றைக்கு உத்தரவு.

விளையாட்டுச் சாமான் எல்லாமே வீட்டுக் கழிவுதான். சிரட்டையில் ஓட்டை போட்டுக் கட்டித் தொங்கவிட்டால் அது ஊஞ்சல். மணி உதிர்த்த சோளக்கதிர்ச் சக்கை, நுங்கு தின்று எறிந்த கூந்தல், முற்றிய முருங்கைக்காயின் காய்ந்த தோல். ஆடிப்பூரத் தேருக்கு வரும் பனையோலைக் கிலுகிலுப்பை வருஷத்துக்கு ஒன்று. அதைப் பிரித்து உள்ளே இருக்கும் கல்லைக் கண்டுபிடிக்க அஞ்சுகத்துக்கு ஒன்றரை நாள் ஆகும். பிரித்தபின் கல்லை நாக்கால் உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடும். பிறகு அடுத்த ஆடிப்பூரம்தான்.

சிரட்டையை முதலில் சணலில் கட்டியிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், சணல் பிரிந்து ஒரு நூல் அதன் கால்விரலில் சுற்றி இறுகி, விரல் நீலம் பாய்ந்து கிடந்தது. கத்தக்கூட இல்லை. நெடுநேரம் போராடி ஓய்ந்திருக்க வேண்டும். அத்தை சவரத் தகட்டால் நூலை அறுத்தாள், என் கை நடுங்கியதால் என்னை நகரச் சொல்லிவிட்டாள். அதன்பிறகு எல்லாக் கட்டும் பனைநாரில். நார் பிரியாது. பிரிந்தாலும் சுற்றிக்கொள்ளாது, முறிந்துபோகும்.

இனி சுத்தம் செய்வது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஆட்டுரலைச் சுற்றிப் பழைய செய்தித்தாளை நான்கு மடிப்பாக விரித்திருப்போம். காலையில் முதல் வேலை அந்தத் தாளைப் பார்ப்பது. எடுத்துச் சுருட்டுவதற்கு முன் ஆச்சி குனிந்து பார்ப்பாள். கிளியின் எச்சத்தில் மூன்று இருக்கும்: பச்சையாகச் சுருண்ட மலம், சுண்ணாம்புபோல வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் நீர். வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறதா, நீர் மட்டும் அதிகமா, பச்சை குறைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். கோவைப்பழம் தின்ற மறுநாள் சிவப்பாக இருக்கும், அதற்குப் பயப்படக் கூடாது. “வாயில்லா ஜீவன் காலையில எழுதிவைக்கிற கடுதாசிலே இது. படிக்காமச் சுருட்டாத” என்பாள். ஆச்சிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

பிறகு தெளிப்பது. செம்பிலிருந்து உள்ளங்கையில் நீரள்ளி, தரை நனைந்தும் ஓடாமலும் இருக்கும்படி தெளிக்க வேண்டும். தாளை ஓரத்திலிருந்து உள்நோக்கி மடித்து எடுத்து எருக்குழியில் போட வேண்டும். கொப்பில் காய்ந்து ஒட்டியிருப்பதை உடைந்த சிரட்டைச் சில்லால் சுரண்ட வேண்டும். சுரண்டுவதற்கு முன்னும் ஈரத்துணி போட்டு ஊறவைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றித் தேங்காய்நாரால் கவடு கவடாகத் தேய்ப்பேன். சனிக்கிழமை மட்டும் சீயக்காய். தீனிச் சிரட்டையும் தண்ணீர்க் கிண்ணமும் தினமும் கழுவி வெயிலில் கவிழ்க்க வேண்டும். நேற்று ஊறவைத்த கடலை ஒன்றுகூட அடியில் தங்கக் கூடாது. புளித்த பயறு வயிற்றைக் கெடுக்கும். மணலைப் பதினைந்து நாளுக்கொருமுறை அள்ளி எறிந்துவிட்டுப் புதுமணல். கொப்பு மொட்டையாகி, கடிக்கப் பட்டை இல்லாமல் போனதும் புதுக் கொப்பு.

கடைசியாகத் தரை நன்றாக உலர வேண்டும். ஈரத்தோடு புதுத்தாள் விரித்தால் பூஞ்சணம் பிடிக்கும். நான் அவசரப்படுவேன். பள்ளிக்கூட மணி ஒன்பதரைக்கு.

இவ்வளவு நேரமும் அஞ்சுகம் என் தோளில் இருக்கும். பேச அது கற்றுக்கொள்ளவே இல்லை. வந்தவர்கள் எல்லாம் “பேசுமா?” என்று கேட்டு, இல்லை என்றதும் முகம் சுண்டிப்போவார்கள். ஆனால் எங்கள் கிணற்று ராட்டினத்தின் கிரீச்சை அது அப்படியே கற்றிருந்தது. நான் தண்ணீர் இறைக்கப் போய் ராட்டினம் சுழன்றதும் அங்கிருந்து பதில் கிரீச் வரும். வாளியோடு திரும்பினால், அலகை மூன்றாம் காலாக ஊன்றி ஊன்றிக் கொப்பிலிருந்து இறங்கி, ஆட்டுரலின் விளிம்பில் வந்து நிற்கும். சுத்தம் பண்ணப் போகிறார்கள், இடத்தை விட்டுத்தர வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. 1989-ல் மோட்டார் போட்டோம். ராட்டினம் நின்றுபோனது. அஞ்சுகம் நிறுத்தவில்லை. கிணறு சத்தமில்லாமல் கிடந்த வீட்டில் தினமும் காலை ஆறரைக்கு ராட்டினம் சுழன்றது.

நான் செய்த பெரிய பிழை ஒன்று உண்டு. 1986 பொங்கலுக்கு முந்தின வாரம். வீடே வெள்ளையடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கிளியின் மூலையும் பளிச்சென்று இருக்கட்டும் என்று கடையில் ஃபினாயில் வாங்கி, தண்ணீரில் அளவில்லாமல் கலந்து ஊற்றித் தேய்த்தேன். அந்த வாடைதான் எனக்குச் சுத்தத்தின் வாடை. ஈரம் காயுமுன்னே அஞ்சுகத்தைக் கொப்பில் விட்டேன். அரை மணி நேரத்தில் அது இறகைச் சிலுப்பிப் பந்தாகிவிட்டது. அலகு திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது.

ஆச்சி வாடையைப் பிடித்த கணமே அதை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். இளைப்புக்காரி ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நார்ப்பெட்டியில் வைத்து மாமா சைக்கிளில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், பின்னால் நான். மருத்துவர் அதைக் காற்றோட்டமான மரத்தடியில் வைத்தார். என்னைத் திட்டவில்லை, விளக்கினார். நமக்கு ஒவ்வொரு மூச்சுக்குப் பிறகும் கொஞ்சம் பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. காற்று ஒரே திசையில் ஓடும், எப்போதும் புதுக்காற்று. பறப்பதற்காக அமைந்த உடம்பு. அதனால் காற்றில் கலந்த நஞ்சும் நம்மைவிட அதற்கு வேகமாக ஏறும். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் நச்சுவாயுவை அறியக் கானரிக் குருவியைக் கொண்டுபோனதற்கு இதுதான் காரணம் என்று பின்னாளில் படித்தேன். அந்த வழக்கம் 1986-ல்தான் முடிவுக்கு வந்தது, நான் ஃபினாயில் ஊற்றிய அதே வருஷம்.

கிளம்பும்போது மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். கிளியின் காய்ந்த எச்சத் தூசியால் மனிதருக்கும் காய்ச்சல் வரும், நெஞ்சில் சளி கட்டும், காயவிட்டுப் பெருக்காதீர்கள், நனைத்து எடுங்கள். மாமாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் வந்து சொன்னபோது ஆச்சிக்கு ஆச்சரியமே இல்லை. அஞ்சுகம் சாயங்காலத்துக்குள் தெளிந்து ஒரு பழுத்த மிளகாயைக் கேட்டு வாங்கித் தின்றது. மிளகாயின் காரம் கிளிக்கு உறைக்காது.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்வார்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு. ஒருநாள் இருந்த கிளி மறுநாள் பக்தர்களுக்குப் போய்விடும். ஆச்சிக்கு ஒருமுறை அது கிடைத்து, பூஜை அலமாரியில் காயக் காய வைத்திருந்தாள். நான் தினமும் கழுவ வேண்டுமா என்று சலித்துக்கொண்ட ஒரு காலையில் சொன்னாள்: “அங்க தெனமும் கிளியவே புதுசாச் செய்யுதாக. உனக்கு இருக்கிற கிளிக்கு எடத்த மட்டும் புதுசாக்கக் கசக்குதோ?” அதற்குமேல் நான் சலித்துக்கொண்டதில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சாயங்காலம் கோபுரத்துப் பொந்துகளுக்குத் திரும்பும் கிளிக்கூட்டம் எங்கள் வீட்டின் மேலாகத்தான் போகும். அப்போது அஞ்சுகம் கொப்பின் உச்சிக்கு ஏறி, கோணல் சிறகையும் சேர்த்து விரித்து, தொண்டை கிழியக் கூப்பிடும். எவ்வளவு நன்றாகத் தேய்த்த கொப்பானாலும் அந்த நேரத்தில் அது போதாது. நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் இன்று வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 1972-ன் சட்டம் 1990-களின் தொடக்கத்தில் இன்னும் இறுகியது. அது சரியான சட்டம். பொந்திலிருந்து விழுந்த குஞ்சு கையில் கிடைத்தால் நாங்கள் செய்ததைச் செய்யாதீர்கள், வனத்துறையிடம் கொடுங்கள்.

ஆச்சி 1992-லும், அஞ்சுகம் அதற்கு நான்கு வருஷம் கழித்தும் போனார்கள். ஆட்டுரல் புறவாசலில் அதே மூலைக்கு வெளியே கிடக்கிறது. குழியில் இப்போது மணல் இல்லை, பறவைகளுக்குத் தண்ணீர் நிற்கிறது. மைனாவும் தவிட்டுக்குருவியும் வருகின்றன, கோடையில் எப்போதாவது ஒரு கிளி. கொசு முட்டையிடும் என்பதால் ஒன்றுவிட்டு ஒருநாள் தம்பி மகள் தேங்காய்நார் போட்டுத் தேய்த்து நீரை மாற்றுகிறாள்.