எண் பொறித்த இணைப்புகள்

வடபுலத்து நகரங்களில் வாழும் நம் அன்பர்கள் மாலையில் விளக்கைப் போடுகையில், அவ்வொளிக்குப் பின்னே திருச்சி மண்ணின் கைவேலை இருப்பதை நினைப்பதில்லை. நினைக்கவேண்டும் என்பதும் இல்லை. ஆயினும் அவ்வேலையில் ஆயுளைக் கழித்தவர்கள் என்ற முறையில் சில சொல்ல விழைகிறோம்.

1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்புடன் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை எழுந்தது. அதைச் சுற்றிப் பட்டறைகள் பெருகின. பட்டறைகளில் வெல்டர்கள் பெருகினர். கொதிகலன் போன ஊருக்கெல்லாம் நாங்களும் போனோம். அவ்வாறே ரிகான்ட் நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள சிங்ரௌலிக்கு வந்தோம். அங்கே தேசிய அனல்மின் கழகத்தின் முதல் நிலையம் 1982-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதன்பின் எழுந்த அலகுகளில் எங்கள் கை பட்டது.

கொதிகலன் தரையில் நிற்பதென்றே பலரும் எண்ணுவர். அது தொங்குவது. முதலில் எஃகுத் தூண்களை நிறுத்தி, உச்சியில் பேருத்தரங்களை ஏற்றி, அவற்றிலிருந்து கொதிகலனைத் தொங்கவிடுவார்கள். சூடேறினால் கீழ்நோக்கி நீள இடம் வேண்டுமல்லவா? ஏற்றும் கலாசிகள் பல மாநிலத்தவர். தூக்க 'ஹாபீஸ்', இறக்க 'ஆரியா'. இவ்விரு சொற்கள் மட்டும் எல்லாருக்கும் தாய்மொழி!

எங்கள் வேலை குழாய்களில். குழாயை 45 டிகிரி சாய்த்து நிறுத்தி, அதை அசைக்காமல் சுற்றிலும் பற்றவைத்துத் தேறியவனே உயரழுத்த வெல்டர். ஆனால் தேர்வில் இல்லாத சங்கடம் தளத்தில் உண்டு. சுவர்போல் நெருங்கி நிற்கும் குழாய்களின் பின்புறம் தலை நுழையாது. கை மட்டுமே நுழையும். அங்கே ஒரு சிறு கண்ணாடியைக் கட்டி, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே பற்றவைக்கவேண்டும். கண்ணாடியில் தீப்பொறி நம்மை நோக்கி வந்தால் கை நம்மைவிட்டு விலகிப் போகவேண்டும். முதல் சில மாதங்கள் மனமும் கையும் சண்டையிடும். பிறகு ஒருநாள், எப்படியென்று சொல்லத் தெரியாமலே, சண்டை ஓய்ந்துவிடும். சவரம் செய்துகொள்ளும்போது மட்டும் கத்தி சற்றுத் தடுமாறும் என்று எங்களுள் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு.

முடித்த இணைப்பின் அருகே அவரவர் எண்ணைப் பொறிப்போம். இரவில் ஆட்களை அகற்றிவிட்டுக் கதிர்ப்படம் எடுப்பார்கள். காற்றுக்குமிழோ கசடோ படத்தில் தெரிந்தால், காலையில் பெயரைச் சொல்லமாட்டார்கள், எண்ணைச் சொல்வார்கள்.

ஒரு மழைக்காலம். தடித்த நீராவிக் குழாய்க்குரிய ராடுகளை ஏறத்தாழ 300 டிகிரியில் சுட்டு, சூடு ஆறாமலே எடுத்துச் செல்லவேண்டும். ஈரம் ஏறிய ராடு எஃகுக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தும். வெடிப்பு உடனே தோன்றாது, மணிக்கணக்கில் கழித்துத் தோன்றும். அன்று அடுப்பு பழுது. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரோ, நாள் போகிறது, கிடைத்த ராடால் முடியுங்கள் என்றார். எங்களுள் மூத்தவர், லால்குடிக்காரர், ஹோல்டரைக் கீழே வைத்தார். "என்ன அண்ணே, கூலி போயிடுமே?" என்றான் இளையவன் ஒருவன். "போகட்டும் தம்பி. அங்கே குத்தப்போறது உன் நம்பர்தானே?" என்றார். எல்லாரும் இறங்கிவிட்டோம். ஊருக்குப் பணம் அனுப்பவேண்டிய வாரம் அது. அடுப்பு சீராக மூன்று நாளாயிற்று. மூன்று நாள் கூலியும் பிடிக்கப்பட்டது.

மாதங்கள் கழிந்து நீரழுத்தச் சோதனை. இயங்கும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி நிறுத்தினார்கள். டார்ச்சு விளக்குடன் தளம் தளமாக ஏறி ஒவ்வோர் இணைப்பையும் தடவிப் பார்த்தோம். அந்தக் குழாயின் அடியில் லால்குடி அண்ணன் வெகுநேரம் நின்றார். விரல் உலர்ந்தே இருந்தது. பின்னர் அதன்மேல் வெப்பக்காப்புப் பஞ்சும் தகடும் போர்த்தி மூடினார்கள். எங்கள் எண்களும் அதனுள்ளே போயின.

அந்த மூன்று நாள் கூலி மட்டும் கடைசிவரை வரவில்லை.