பனிக்கு ஒரு குடில்

உதகமண்டலத்தில் மார்கழி பிறந்து, மேகமில்லாத இரவுகள் தொடர்ந்து வரத் தொடங்கியதும், தலைக்குந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்துப் புல்வெளியிலும் விடியற்காலையில் வெண்பனி உறைந்து கிடக்கும் காட்சியைக் காணச் சமவெளியிலிருந்து ஜனங்கள் வந்து சேருகிறார்கள். அதே வெண்பனி தம் வீட்டுக் கொல்லையில் தக்காளிச் செடியின்மேல் படிந்து, வெயில் ஏறியதும் இலைகளெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் துவண்டு தொங்குவதைப் பார்க்க நேர்கிற உள்ளூர்வாசிக்கோ அதன் அழகை ரசிக்க மனம் வருவதில்லை. பசுமைக்குடில் ஒன்று வேண்டும் என்ற ஆசை அவருக்கு அன்றைக்குத்தான் பிறக்கிறது. ஆசையோடு கூடவே கேள்வியும் பிறக்கிறது: ஆயத்தமாகக் கிடைப்பதை விலைக்கு வாங்குவதா, ஆசாரியை அழைத்து நாமே கட்டிக்கொள்வதா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் வெறும் பணக் கணக்காகவே பார்க்கிறார்கள். ஒரு பக்கம் கம்பெனி அனுப்பிய விலைப்பட்டியல். மறு பக்கம் மரம், இரும்புக் குழாய், பாலித்தீன் விரிப்பு, கூலி என்று பென்சிலால் எழுதிக் கூட்டிய துண்டுக் காகிதம். எது குறைவோ அதுவே தீர்ப்பு. செலவு அற்ப விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கொல்லையில் எழும் ஒரு சிறு குடில் அது நிற்கிற நிலத்தின் சரிவோடும், அங்கே அடிக்கிற காற்றோடும், பகலில் விழுகிற வெயிலோடும், இரவில் வந்து தேங்குகிற குளிரோடும் ஆயுள் முழுவதும் வாழ வேண்டியது. இவற்றையெல்லாம் ஒரு முழு வருஷமாவது கூர்ந்து கவனித்தவருக்கே அந்தக் குடிலைச் சரியாக அமைக்க முடியும் என்பதும், அப்படிக் கவனிக்கும்படி நம்மைக் கட்டாயப்படுத்துவது கட்டுகிற வேலைதானே தவிர வாங்குகிற வேலை அன்று என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

ஆயத்தக் குடில் என்பது ஏதோ நேற்றைய வியாபாரிகளின் யுக்தி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1845 வரையில் கண்ணாடிக்கு வரி இருந்தபடியால், கண்ணாடி வீடு பிரபுக்களின் தோட்டங்களுக்கு மட்டுமே உரிய ஆடம்பரமாக இருந்துவந்தது. வரி நீங்கிய சில வருஷங்களுக்குள், 1851இல், லண்டன் ஹைட் பூங்காவில் பிரம்மாண்டமான ஸ்படிக மாளிகையை எழுப்பி உலகத்தை வியக்கவைத்த ஜோசப் பாக்ஸ்டன், கட்டடக் கலை கற்றுப் பட்டம் பெற்றவர் அல்லர். டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரர். அந்தத் தோட்டத்தில் 1836இல் பெரிய கண்ணாடி வீட்டைத் தொடங்கி எழுப்பியவரும், ஓர் ஆள் எடையைத் தாங்கக்கூடிய இலைகளையுடைய தென்னமெரிக்க ராட்சத அல்லியை 1849இல் இங்கிலாந்தில் மலரச் செய்து, பிறகு அதற்கென்றே தனியாக ஒரு கண்ணாடி வீடு அமைத்தவரும் அவரே. அந்தப் பயிற்சியின் பலன்தான் ஸ்படிக மாளிகை: ஒரே அளவான இரும்புத் தூண்களையும் ஒரே அளவான கண்ணாடிகளையும் தொழிற்சாலைகளில் செய்வித்து, இடத்துக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று பூட்டி நிறுத்திய கட்டடம் அது. அதே பாக்ஸ்டன் 1858இல், சாமானிய ஜனங்களும் வாங்கித் தம் தோட்டத்தில் நிறுத்திக்கொள்ளத்தக்க, கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய குடிலுக்குக் காப்புரிமை பெற்று அதை விற்பனைக்கும் விட்டார். ஆக, ஆயத்தக் குடிலை விற்கத் தொடங்கியவர்களில் ஒருவர் அதுவரை ஆயுளின் பெரும்பகுதியைக் கட்டுவதிலேயே கழித்தவர். அவருடைய சரக்கில் அனுபவம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அது டெர்பிஷயர் வானத்தின் கீழ்ப் பெற்ற அனுபவம். அங்கே அது முற்றிலும் பொருந்தும்.

நம் மலைக்கும் கண்ணாடி வீடு அந்நியமானதன்று. கியூ தோட்டத்தில் பணியாற்றிவிட்டு 1848இல் உதகைக்கு வந்து தாவரவியல் பூங்காவை அமைத்த வில்லியம் கிரஹாம் மக்ஐவரின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் உண்டாகிறது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய சின்கோனாவை இந்தியாவில் பயிரிட வேண்டுமென்று அரசாங்கம் முனைந்தபோது, கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து 1860இல் கொண்டுவந்த கன்றுகள் நெடுந்தூரக் கடல் வழியில் நலிந்து, இங்கு வந்த பின் பிழைக்கவில்லை. ஸ்புரூஸும் கிராஸும் ஈக்வடாரில் சேகரித்த சின்கோனாக் கன்றுகள் 1861இல் உயிரோடு வந்து சேர்ந்தன. லண்டன் வைத்தியர் நதானியேல் வார்டு கண்டுபிடித்த மூடிய கண்ணாடிப் பெட்டிகளே அந்தக் கன்றுகளுக்கு வாகனம். எந்தக் கடலுக்கும் எந்தக் கப்பலுக்கும் பொதுவாகச் செய்த அந்தப் பெட்டியின் உபகாரம் பெரியது. ஆனால் வந்து சேர்ந்த கன்றுகளை இந்த மலையின் குளிரையும் வெயிலையும் பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் பார்த்துப் பழகிய ஒருவர், இங்கேயே அமைத்த கண்ணாடிக் கூரைகளின்கீழ்ப் பதியன் போட்டுப் பெருக்கியிராவிட்டால், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்திருக்கமாட்டா.

குளிர்தேசத்துக் குடிலை இங்கே அப்படியே கொண்டுவந்து நிறுத்துவதில் உள்ள தோஷம் என்ன என்பதைச் சூரியனைக் கொண்டே விளக்கலாம். டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 15 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. உதகையிலோ அதே நாளில் அது 55 பாகை உயரம் ஏறிவிடுகிறது. அங்கே குடிலின் முழுக் கவலையும், சாய்ந்து வரும் கொஞ்ச வெயிலையும் சிதறாமல் உள்ளே வாங்கிக்கொள்வதும், கூரையில் பனிக்கட்டி தங்காமல் சரிந்து விழச் செய்வதும், வெளிக்காற்று புகாமல் இறுக மூடிக்கொள்வதுமே. இங்கே பனி பெய்த இரவுக்கு மறுநாள் முற்பகலிலேயே, வெளியே நாம் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் உலவிக்கொண்டிருக்கும்போதே, இறுக மூடிய குடிலுக்குள் உஷ்ணம் 40 பாகையைத் தாண்டிவிடக்கூடும். தக்காளிப் பூவின் மகரந்தம் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். செடி செழித்து நிற்கும், காய் பிடிக்காது. குளிரால் செடி சாவது ஒருவகை நஷ்டம். செடி கண்ணெதிரே தழைத்து நின்றும் காய்க்காமல் இருப்பது அதைவிட மனத்தை வருத்துகிற நஷ்டம்.

அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானி ராபர்ட் வுட் 1909இல் ஓர் எளிய பரிசோதனை செய்து காட்டினார். இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றை உஷ்ணக் கதிர்களைத் தடுக்காமல் விட்டுவிடும் கல்லுப்புப் பலகையாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. குடிலின் வெப்பம் பெரும்பாலும், சூடான காற்று மேலே கிளம்பித் தப்பிப் போகாமல் கூரை தடுப்பதனால் உண்டாவது என்பது இதனால் பிரத்தியட்சமாகிறது. அப்படியானால் குடிலின் உயிர்நிலை சாளரம்தான். 10 அடிக்கு 15 அடி என்று ஒரு குடில் போட்டால் தரைப்பரப்பு 150 சதுர அடி. அதில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 30 சதுர அடியாவது, திறக்கக்கூடிய சாளரமாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு பாதி கீழே பக்கச் சுவரிலும் மறு பாதி கூரையின் உச்சியிலுமாக அமைந்தால்தான் குளிர்ந்த காற்று கீழே புகுந்து சூடான காற்று மேலே வெளியேறும். விலைப்பட்டியலில் சாயத்தின் நிறம் வரையில் அச்சிட்டிருப்பார்கள். சாளரம் எத்தனை சதுர அடி என்பதை நாமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பூச்சி வலை போட்ட சாளரமானால், வலை காற்றை மறிக்கும். கணக்கில் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்வது உத்தமம்.

இரவின் கதை வேறு. காற்றசைவில்லாத, நட்சத்திரங்கள் தெளிந்த இரவில் பூமி தன் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக ஆகாசத்தில் விட்டுவிடுகிறது. கண்ணாடி அந்தக் கதிர்களை மறிக்கும். சாதாரணப் பாலித்தீன் விரிப்போ பெரும்பகுதியைத் தாராளமாக வெளியே விட்டுவிடும். ஆகவே மெல்லிய விரிப்புப் போட்ட குடிலுக்குள் சில இரவுகளில் வெளியே இருப்பதைவிடக் கூடுதலாகவே குளிர்வதுண்டு. இதற்கு நான் கண்ட மலிவான பரிகாரம், வடக்குச் சுவரோரம் 200 லிட்டர்ப் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பிக் கறுப்புச் சாயம் பூசி வைப்பது. ஒரு பீப்பாய்த் தண்ணீர் இரவில் 5 பாகை குளிர்ந்தால், அது குடிலுக்குக் கொடுக்கும் உஷ்ணம் ஒரு யூனிட் மின்சாரத்தினும் சற்று அதிகம். நான்கு பீப்பாய்களானால் நாலரை யூனிட்டுக்கு மேல். பகலில் அதே தண்ணீர் மிகுதியான சூட்டை விழுங்கிக்கொள்வதால் நண்பகலின் உக்கிரமும் தணிகிறது. பீப்பாய்களுக்கு இடம் விட்டுக் குடிலின் நீள அகலத்தைத் தீர்மானிப்பது கட்டுகிறவருக்குச் சுலபம். அளவு முன்பே முடிந்துபோன சட்டத்துக்குள் அவற்றை நுழைத்தால் நடமாட இடம் இராது.

நாங்கள் குடில் கட்ட உத்தேசித்தபோது அளவெடுக்க வந்த ஆசாரி, நாடாவைப் பையிலிருந்து எடுக்காமல், முதலில் கொல்லையின் கீழ்க்கோடி வரையில் நடந்துபோய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஐயா, காட்டுமாடு எந்தப் பக்கமா ஏறி வருதுங்க?”

“தேயிலைப் பக்கமிருந்துதாங்க ஆசாரி. ராத்திரி வந்து விடியறதுக்குள்ள போயிடும்.”

“அப்ப அந்தப் பக்கம் கல்லுக்கட்டு ஒண்ணு இடுப்பு உயரத்துக்கு வேணுங்க. அது ஒரு தடவை முதுகு உரசினா எந்தக் குழாயும் நிக்காது. கண்ணாடிய சுவருக்கு வச்சுக்கலாம். கூரைக்கு வேணாங்க, குரங்கு குதிக்கும்.”

வளர்ந்த ஆண் காட்டுமாடு 1,000 கிலோ எடையை எட்டக்கூடியது. அது வருகிற வழியையும், குரங்குக் கூட்டம் எந்த மரத்திலிருந்து எந்தக் கூரைக்குத் தாவும் என்பதையும் எந்த விலைப்பட்டியலும் கேட்காது. இந்த மலையில் பிறந்து வளர்ந்த ஒரு தொழிலாளி கேட்ட முதல் கேள்வியே அதுதான். பழைய பங்களாக்களை இடித்த இடங்களில் கழித்துப்போட்ட தேக்கு ஜன்னல்களைச் சுவருக்கும், சில்வர் ஓக் மரத்தைச் சட்டத்துக்கும் அவர் யோசனை சொன்னார். மரம் மண்ணைத் தொடக் கூடாது, கல்லின்மேல்தான் கால் ஊன்ற வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். கல்லுக்கட்டை மட்டும் முழு நீளத்துக்கும் அடைத்துவிடாமல் கீழ்ச்சரிவுப் பக்கம் ஓர் இடைவெளி விடும்படி நான் கேட்டுக்கொண்டேன். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவோடு இறங்கி, எங்கே தடுப்பு இருக்கிறதோ அங்கே தேங்கி நிற்கும். அதற்குப் போக்கு இல்லாத இடத்தில்தான் உறைபனி முதலில் விழுகிறது.

விலைக்கு வாங்குவதே பொருத்தம் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியவர்களும் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர், நாளைக்கு வேறிடம் போகும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். கோத்தகிரிப் பக்கத்தில் கார்னேஷனும் லில்லியமும் பயிரிட்டுக் கொய்மலர் வியாபாரம் செய்கிறவர்களுக்கோ பெரும் பரப்பில், காற்றின் வேகத்தைக் கணக்கிட்டு இரும்புக் குழாயில் நிறுத்தும் பாலிஹவுஸ் தவிர வேறு கதி இல்லை. அது தேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய காரியம். தனியாக இருக்கும் முதியவர்களும் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் யாராயினும், குடில் வர வேண்டிய இடத்தில் ஒரு குச்சியை நட்டு, நாளின் உச்ச உஷ்ணத்தையும் தாழ்ந்த உஷ்ணத்தையும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை அதில் தொங்கவிட்டு, ஒரு குளிர்காலமாவது அதைத் தினமும் பார்த்துவருவது நல்லது. ஆடி மாதத்து மூடுபனியும் சாரலும் எத்தனை நாள் தொடர்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இலையில் ஈரம் காயாமல் இருந்தால்தான் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் பின்கருகல் நோய் பற்றுகிறது. அந்த மாதங்களில் குடில் செய்யும் முதல் உபகாரம் சூடு தருவதன்று. இலையை நனையாமல் காப்பதே.

கட்டத் துணிந்தவரும் எல்லாவற்றையும் கையாலேயே செய்துகொள்ள வேண்டும் என்று வீம்பு பிடிப்பது உசிதமன்று. தொழிற்சாலை நம்மைவிட நன்றாகச் செய்கிறதை அங்கிருந்தே வாங்க வேண்டும். கூரைக்குச் சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தாங்கும்படி பக்குவப்படுத்திய 200 மைக்ரான் விரிப்பு, அதை இறுக்கிப் பிடிக்கும் அலுமினியக் காடியும் ஸ்பிரிங் கம்பியும், அல்லது உள்ளே அறைகளுள்ள பாலிகார்பனேட் தகடு, இவற்றுக்கு நம் கைவேலையில் ஈடு கிடையாது. 4 மில்லிமீட்டர்க் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ கனக்கும். தகட்டுக்கு அதில் ஒரு சிறு பங்குதான் கனம். தகட்டில் புறஊதாக் காப்புப் பூசிய பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். காப்புத் தாளை உரிப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் ஓர் அடையாளம் இட்டுவிட வேண்டும். விரிப்பு நல்ல ஜாதியாக இருந்தால் மூன்று முதல் ஐந்து வருஷம் வரை உழைக்கும். இரும்புக் குழாய் வெயிலில் சூடேறி அதைத் தொடும் இடத்தில் முதலில் நைந்துபோவதால், அந்த இடங்களில் குழாய்க்கு வெள்ளைச் சாயம் பூசுவதும், உள்ளே கந்தக மருந்து அடிப்பதைக் குறைப்பதும் அதன் ஆயுளை நீட்டிக்கும்.

விரிப்பு என்ன அகலத்தில் கிடைக்கிறது என்பதைக் கடையில் விசாரித்த பிறகே கூரையின் அகலத்தை ஆசாரியிடம் சொல்ல வேண்டும். ஒட்டுப் போட்ட விரிப்பு முதல் பெருங்காற்றிலேயே ஒட்டில் விட்டுவிடும். கதவு, உரம் ஏற்றிய தள்ளுவண்டி தாராளமாக நுழையும் அகலத்தில் இருக்கட்டும். ஐப்பசி மழை ஓய்ந்த பின் காற்றில்லாத, வெயில் இதமாக உறைக்கிற ஒரு நண்பகலைத் தேர்ந்து, நான்கு பேராக நின்று விரிப்பை இழுத்துப் பூட்ட வேண்டும்; காலைக் குளிரில் அவசரப்பட்டுப் பூட்டினால், வெயில் ஏறியதும் விரிப்பு தளர்ந்து, காற்றில் படபடத்து, ஸ்பிரிங் கடித்த இடத்திலிருந்து கிழியத் தொடங்கும்.