பாதுகாக்கப் போய்ப் பாழாக்கிய பெட்டரி



இந்தப் பக்கங்களில் நீங்கள் வழக்கமாகப் பிள்ளை வளர்ப்பு, சமையல், வீட்டுச் செலவு பற்றியெல்லாம் வாசிக்கின்றீர்கள். நான் எழுத வந்திருப்பதோ ஒரு லெப்டொப் பெட்டரியைப் பற்றி. "அது ஆம்பிளைகளின் விடயம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இன்று நம் வீடுகளில் அந்தப் பெட்டியைத் துடைத்து வைப்பதும், ப்ளக்கில் போடுவதும், அது பழுதானால் பிள்ளையை ஏசுவதும் பெரும்பாலும் நாம்தானே? நானும் ஏசினேன். அந்த ஏச்சு எவ்வளவு அநியாயமானது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. அதனால்தான் இதை எழுதுகின்றேன்.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பாடங்கள் எல்லாம் போனுக்கும் கணினிக்கும் மாறின. சிறிய போன் திரையைப் பார்த்துப் பார்த்து மகளின் கண்கள் சிவந்து போயின. கூரை திருத்துவதற்கென்று நான் சீட்டுப் பிடித்து வைத்திருந்த காசில் ஒரு லெப்டொப் வாங்கினோம். கூரை அப்படியே இருக்க, லெப்டொப் வீட்டுக்கு வந்தது. அப்படியானால் அதை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

தூசு படாமல் இருக்கக் கைப்பின்னல் துணி ஒன்றை அதற்கென்றே தைத்தேன். மேசையில் வைத்தால் சின்னவன் தட்டி விழுத்திவிடுவான் என்று மெத்தையின் மேல் வைத்தேன். பெட்டரி தேய்ந்து போகக்கூடாதே என்று இரவும் பகலும் ப்ளக்கிலேயே போட்டு வைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ப்ளக்கைக் கழற்றி, பெட்டரி முழுதாக இறங்கித் தானாக அணையும் வரை ஓடவிட்டு, அதன் பிறகு விடிய விடிய சார்ஜ் போட்டேன். இது என் வாப்பா சொல்லித் தந்த பாடம். தொண்ணூறுகளின் இறுதியில் அவர் சவூதியிலிருந்து ஒரு கைத்தொலைபேசி கொண்டு வந்தார். "முழுக்க இறங்கட்டும் மகள், அதுக்குப் பொறகு எட்டு மணித்தியாலம் போடுங்க. இல்லாட்டி பெட்டரி கெட்டுப் போயிரும்" என்பார். வாப்பா மௌத்தாகிப் பல வருடங்களாகியும் அந்தச் சொல் என்னிடம் இருந்தது.

பிறகு வந்தது 2022. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, கரண்ட் இல்லை. மார்ச் 31ஆம் திகதி ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டு. மகளுக்கு மே 23ஆம் திகதி சாதாரண தரப் பரீட்சை. நாட்டில் கடதாசிக்கும் தட்டுப்பாடு வந்து, போட்டோகொப்பியின் விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. குறிப்புகளும், கடந்தகால வினாத்தாள்களும், ஆசிரியர்கள் பதிவு செய்து அனுப்பிய பாடங்களும் அந்த லெப்டொப்பினுள்தான் இருந்தன.

மஃரிபுக்குப் பின் கரண்ட் போனது. மகள் லெப்டொப்பைத் திறந்தாள். அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை. 30 வீதம் காட்டிக் கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிட்டது. வாங்கிய புதிதில் நான்கு மணித்தியாலம் ஓடிய பெட்டி அது.

எனக்கு வந்த ஆத்திரம்! "எந்த நேரமும் படம் பாத்துப் பாத்து நீதான் இத நாசமாக்கினாய். கூரைக் காசு இது, தெரியுமா?" என்று இருட்டில் நின்று கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. லாம்பைப் பற்ற வைத்து, பழைய கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு பல நாட்கள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

எங்கள் ஒழுங்கையில் கணினி திருத்தும் தம்பி ஒருவர் இருக்கின்றார். மறுநாளே கொண்டு போய்க் காட்டினேன். அவர் அதில் பெட்டரி பற்றிய அறிக்கை ஒன்றை எடுத்துக் காட்டினார். தயாரித்தபோது அதன் கொள்ளளவு 41 வாற் மணி. இப்போது முழுதாக சார்ஜ் ஏற்றினாலும் கொள்வது 13 மட்டும். இரண்டே வருடத்தில்!

"சாச்சி, இத எப்பவும் ப்ளக்குலதான் வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். பெருமையோடு ஆம் என்றேன். மெத்தையையும் துணியையும் வெள்ளிக்கிழமைக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மகள்ல பிழையில்ல சாச்சி. பெட்டரிய நீங்கதான் கூடுதலாப் பாதுகாத்திட்டீங்க" என்றார்.

அன்று அவர் சொன்னதையும், அதற்குப் பின் நான் தேடி வாசித்ததையும் என் குசினிப் பாஷையில் சொல்கின்றேன்.

வாப்பா சொன்னது பொய்யல்ல. அது வேறொரு பெட்டரிக்குரிய உண்மை. அக்காலத்தில் பாவனையிலிருந்த நிக்கல் கட்மியம் பெட்டரிகளை முழுதாக இறக்காமல் மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்தால் கொள்ளளவு குறைந்ததுபோல் நடந்து கொள்ளும் பழக்கம் அவற்றுக்கு இருந்தது. இன்றைய லெப்டொப்பிலும் போனிலும் இருப்பது லிதியம் அயன் பெட்டரி. சோனி கம்பனி அதை 1991ஆம் ஆண்டு சந்தைக்குக் கொண்டு வந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜோன் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குடினஃபுக்கு வயது 97! இந்தப் பெட்டரிக்கு முழுதாக இறக்கும் வைத்தியம் தேவையில்லை. அது கெடுதியே செய்யும். நோய் மாறிய பிறகும் நான் பழைய மருந்தையே கொடுத்துக் கொண்டிருந்தேன்.

லிதியம் பெட்டரிக்குள் இரண்டு பக்கங்கள் உண்டு. சார்ஜ் ஏறும்போது லிதியம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும், நாம் பாவிக்கும்போது திரும்பி வரும். இந்தப் போக்குவரத்து நடக்க நடக்க உள்ளே ஒரு படலம் மெல்ல மெல்லத் தடிக்கின்றது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் காவி படிவதில்லையா? அதுபோலத்தான். அந்தப் படலம் லிதியத்தில் ஒரு பகுதியைத் தனக்குள் பிடித்து வைத்துக் கொள்கின்றது. அவ்வாறு பிடிபட்டது திரும்பி வேலைக்கு வராது. இதை எவராலும் முழுதாக நிறுத்த முடியாது. பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் பெட்டரிக்கு வயது போகும். ஆனால் அதை விரைவுபடுத்தும் இரண்டு காரணிகள் உண்டு. ஒன்று சூடு. மற்றது எந்நேரமும் 100 வீதத்தில் நிரம்பி வழிய வைத்திருப்பது.

எந்நேரமும் ப்ளக்கில் இருந்தால் 'ஓவர் சார்ஜ்' ஆகும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. நிரம்பியதும் லெப்டொப்பே சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். பிரச்சினை அதற்குப் பிறகுதான். நிரம்பிய ஒவ்வொரு கலமும் ஏறக்குறைய 4.2 வோல்ற் என்னும் உச்ச அழுத்தத்தில் நாள் முழுதும் நிற்கின்றது. நின்ற நிலையிலேயே முதுமை விரைகின்றது.

சூடும் சேர்ந்தால் என்னவாகும்? 'பெட்டரி யூனிவர்சிட்டி' என்ற பெயரில் வெளிவரும் கல்வித் தொகுப்பில் ஓர் அட்டவணை உண்டு. 40 வீதம் சார்ஜுடன் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு வருடம் வைத்த பெட்டரியில் 96 வீதக் கொள்ளளவு எஞ்சுகின்றது. அதே வெப்பநிலையில் 100 வீதம் நிரப்பி வைத்தால் 80 வீதம்தான் எஞ்சும். 40 பாகையில் நிரப்பி வைத்தாலோ 65 வீதம்! எங்கள் வீடு அஸ்பெஸ்டஸ் கூரை. அதன் கீழே மெத்தை, மெத்தைக்குள் புதைந்த லெப்டொப், காற்றுத் துவாரம் அடைபட்டு, மேலே என் கைப்பின்னல் துணி. அந்த அப்பாவிப் பெட்டரியை நான் அடுப்பில் வைத்த மாதிரித்தான்.

புதிய பெட்டரிக்கு 28,000 ரூபா கேட்டார்கள். டொலர் ஏறிய ஏற்றத்தில் நாளைக்கு என்ன விலை என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. என் காதுத் தோட்டை அடகு வைத்து அதை வாங்கினேன். கொண்டு வந்த அன்றே பழக்கங்களை மாற்றினோம். சகோதரிகளே, அவற்றை உங்களுக்கும் சொல்லி விடுகின்றேன். இவற்றுக்குச் சதமும் செலவில்லை.

முதலாவது, 20 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையில் வைத்திருப்பது. கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜ் போடுவதால் பெட்டரி கெடாது. சார்ஜ் சுற்று என்று கணக்கிடுவது ப்ளக்கில் போட்ட தடவைகளை அல்ல. பாதி இறங்கிப் பாதி ஏற்றுவதை இரண்டு முறை செய்தால்தான் ஒரு சுற்று. இன்றைய மெக்புக்குகள் 1000 சுற்றுக்குப் பிறகும் 80 வீதம் வரை கொள்ளளவைத் தக்க வைக்கும் விதத்தில் அமைந்தவை என்கிறது அப்பிள் கம்பனி.

இரண்டாவது, மேசையிலேயே வைத்து ப்ளக்கில்தான் வேலை செய்ய வேண்டுமென்றால், சார்ஜை 80 வீதத்தில் நிறுத்தும் ஏற்பாட்டைப் போட்டு விடுவது. லெனோவோ, ஏசூஸ், டெல் போன்ற பல கம்பனிகளின் லெப்டொப்களில் இது உண்டு. எங்களுடையதிலும் இருந்தது. இரண்டு வருடம் அதை நாங்கள் திறந்தும் பார்க்கவில்லை. உங்கள் பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவார்.

மூன்றாவது, பலகையோ மேசையோ, கட்டியான தளத்தில் வைப்பது. மெத்தை, தலையணை, மடி மேல் விரித்த துப்பட்டி எல்லாம் அதற்கு மூச்சு முட்டும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள்.

நான்காவது, விடுமுறையில் பல வாரங்கள் அலுமாரியில் வைப்பதானால் நிரப்பியும் வைக்காதீர்கள், வெறுமையாகவும் வைக்காதீர்கள். ஏறக்குறைய பாதி சார்ஜுடன் அணைத்து வையுங்கள். வெறுமையாக வைத்தால், உள்ளே எஞ்சியிருக்கும் கொஞ்சமும் மெல்ல மெல்ல இறங்கி, பிறகு சார்ஜே ஏறாத நிலைக்குப் போகலாம்.

ஐந்தாவது விடயம் பாதுகாப்பு பற்றியது. லெப்டொப்பின் அடிப்பகுதி புடைத்தாலோ, விரலால் தடவும் பகுதி மேலெழுந்து நின்றாலோ பெட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கின்றது என்று பொருள். உடனே ப்ளக்கைக் கழற்றி, அணைத்து விடுங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். அது தீப்பற்றக் கூடியது. திருத்துபவரிடம் பத்திரமாகக் கொண்டு போய்க் கழற்றுங்கள். பழைய பெட்டரியை வீட்டுக் குப்பையில் எறியவோ எரிக்கவோ வேண்டாம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவுச் சேகரிப்பாளர்கள் நாட்டில் இருக்கின்றார்கள்.

ஆனால் ஒன்று. இவற்றைச் சட்டமாக்கிப் பிள்ளைகளை வதைக்கவும் வேண்டாம். 2022இல் கரண்ட் போகும் நேரம் தெரிந்ததும், அதற்கு முன் நாங்கள் 100 வீதம் நிரப்பித்தான் வைத்தோம். தூரப் பயணம், பரீட்சை, மின்வெட்டு என்றால் நிரப்புங்கள். ஒரு நாள் நிரம்பியிருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. நிரப்பிய நிலையிலேயே மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் கெடுதி. பெட்டரி நமக்காக இருக்கின்றதே தவிர, நாம் பெட்டரிக்காக இல்லை.

இனி மகளின் கதைக்கு வருகின்றேன். திருத்துபவரிடமிருந்து வந்த அன்று அவளிடம் எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாய்மாருக்குப் பிள்ளையிடம் பிழையை ஒத்துக்கொள்வது எவ்வளவு பாரம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு நாட்கள் தேத்தண்ணியைக் கூடுதலாக ஊற்றிக் கொடுத்துச் சமாளித்தேன். மூன்றாம் நாள் இரவு, லாம்பு வெளிச்சத்தில் அவள் கணக்குச் செய்து கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மகள், பெட்டரி உன்னால பழுதாகல்ல. என்னாலதான். உம்மா உனக்குச் சும்மா ஏசிட்டேன்" என்றேன்.

அவள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும் உம்மா. வெள்ளிக்கிழமைல அப்பிடிச் செய்யக் கூடாதுன்னு சேர் ஒருக்கா சொன்னாரு. அது அப்பா சொன்னதுன்னு நீங்க சொன்னதால நான் பேசாம இருந்தேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாப்பாவின் சொல்லை உடைக்க வேண்டாம் என்று அவள் மௌனமாக இருந்திருக்கின்றாள். அந்த மௌனத்தைத்தான் நான் குற்றத்தின் அடையாளம் என்று எடுத்துக் கொண்டேன்.

அந்தப் பரீட்சையை அவள் நல்லபடியாக எழுதினாள். இப்போது உயர்தரமும் எழுதி முடித்துவிட்டாள். அன்று வாங்கிய பெட்டரிக்கு மூன்று வருடம் தாண்டிவிட்டது. சென்ற மாதம் அறிக்கை எடுத்துப் பார்த்தோம். 41க்கு இன்னும் 36 கொள்கின்றது. கைப்பின்னல் துணி இப்போது சோற்றுக் கோப்பையை மூடப் பயன்படுகின்றது.

சகோதரிகளே, இன்றிரவு உங்கள் வீட்டு லெப்டொப்பின் அடியில் ஒரு தடவை கையை வைத்துப் பாருங்கள். சுட்டால், எங்கே வைத்திருக்கின்றீர்கள் என்று பாருங்கள். பழுதாகிப் போயிருந்தால், பிள்ளையை ஏசுவதற்கு முன் இருவருமாகச் சேர்ந்து காரணத்தைத் தேடுங்கள். புதுப் பெட்டரியைக் கடையில் வாங்கலாம். அந்தப் பல நாட்கள் மகள் என்னோடு பேசாமல் இருந்ததை எந்தக் கடையில் போய் மாற்றுவது?