நாங்கள் சூட்டிய பெயர்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் பெயர் சூட்ட எத்தனை பேர் கூடுகிறார்கள்! பாட்டி ஒரு பெயர் சொல்வார். அத்தை வேறொன்று சொல்வார். இறுதியில் ஒன்று நிலைக்கும். இவ்வாண்டு நாங்களும் ஒன்றுக்குப் பெயர் சூட்டினோம். அது கணினியில் நாங்கள் எழுதிய ஒரு செயற்கூறு. அவசரமாகச் சூட்டிய அந்தப் பெயரால் ஒரு தங்கையின் கண்களில் நீர் வரச் செய்துவிட்டோம். அதை மறைக்காமல் எழுதுவதே முறை என்று எங்களுக்குத் தோன்றியது.

தேர்வு நெருங்கிவிட்டால் எங்கள் பள்ளி நூலகத்தில் சில புத்தகங்களுக்குப் பெரும் போட்டி. யாருக்குப் பின் யார் என்று நூலகப் பொறுப்பாளரான சிஸ்டர் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார்கள். அதைக் கணினியில் ஏற்றித் தரும்படி பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய எங்களிடம் கேட்டார்கள். பெருமை தாங்காமல் உடனே ஒப்புக்கொண்டோம்.

எங்கள் கணினி அறையில் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம். அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1986-ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியின் வழிவந்தது, விலையின்றிக் கிடைப்பது. அதில் ஒரே கட்டத்துக்குள் பல மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கலாம். அந்த அடுக்கை அர்ரே என்பார்கள். தமிழில் அணி என்போம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் நேராக, காத்திருப்போரின் சேர்க்கை எண்களை ஓர் அணியாக வைத்தோம்.

ஒரு மாணவி தன் எண்ணைத் தட்டினால், வரிசையில் அவள் எங்கே நிற்கிறாள் என்று சொல்ல வேண்டும். அதற்கென ஒரு செயற்கூறு எழுதினோம். அணியின் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, அவளுக்கு முன்னால் எத்தனை பேர் என்று அது விடை தரும். அவள் எண் அணியிலேயே இல்லையென்றால் 0 என்று சொல்லட்டும் என விட்டோம். பெயர் வேண்டுமே! 'இடம்' என்று வைத்துவிட்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

மறுநாள் பத்தாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வந்தாள். அறிவியல் வழிகாட்டி நூலுக்கு முதல் ஆளாகப் பதிந்திருந்தவள் அவள்தான். வீட்டில் அதை வாங்க வசதியில்லை. எண்ணைத் தட்டினாள். 'உன் இடம் 0' என்று வந்தது. தன் பெயரே விட்டுப்போயிற்று என்று எண்ணி, யாரையும் கேட்கக் கூசித் திரும்பிவிட்டாள். மாலைவரை அவள் வராததால் புத்தகம் அடுத்தவளுக்குப் போயிற்று. அது அவள் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்துவிட்டிருந்தது. "எனக்கு முட்டை போட்டுவிட்டதே, அக்கா" என்று அவள் சொன்னபோது எங்களுக்குத் தலைநிமிர முடியவில்லை.

எங்கள் கணினி மிஸ் கோபிக்கவில்லை. "கணக்கு சரிதான். முன்னால் இருப்பவர்களை எண்ணிவிட்டு இடம் என்று ஏன் பெயர் வைத்தீர்கள்?" என்றார்கள். பிறகு ஒரு செய்தி சொன்னார்கள்.

2015 மார்ச் மாதத்தில் போஸ்ட்கிரெஸை உருவாக்குவோர், அணிக்குள் ஒரு மதிப்பைத் தேடும் செயற்கூறு ஒன்றைச் சேர்த்தார்களாம். முதலில் அதன் பெயர் அர்ரே_ஆஃப்செட். ஆஃப்செட் என்றால் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று பொருள். ஆனால் போஸ்ட்கிரெஸ் அணியில் உறுப்புகளுக்கு எண் உண்டு. வழக்கமாக அது 1-இல் தொடங்கும். வேண்டுமானால் 0-இலோ 5-இலோ தொடங்கவும் வழியுண்டு. 5-இல் தொடங்கும் அணியில் முதல் உறுப்பின் எண் 5. அது தள்ளியிருக்கும் தூரமோ 0. இந்தக் குழப்பம் கூடாதென்று, உறுப்பின் எண்ணையே விடையாகத் தரும்படி செய்து, பெயரையும் அர்ரே_பொசிஷன் என்று அம்மாதத்துக்குள்ளேயே மாற்றிவிட்டார்கள். 2016 ஜனவரியில் 9.5-ஆம் பதிப்பு அந்தப் பெயருடனேயே வெளிவந்தது. தேடிய மதிப்பு இல்லாவிட்டால் அது 0 என்று சொல்லாது. 'நல்', அதாவது மதிப்பு ஏதுமில்லை என்று சொல்லும்.

"வெளிவந்த பின் பெயரை மாற்றினால், அதை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் நின்றுபோகும். அதனால்தான் முன்னதாகவே மாற்றினார்கள்" என்றார்கள் மிஸ். நாங்கள் பாடுபட்டு எழுதிய வேலைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு செயற்கூறு இருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது!

மீண்டும் உட்கார்ந்தோம். பழைய கணக்கை அப்படியே வைத்து, உண்மையைச் சொல்லும் பெயராக 'முன்னிருப்போர்_எண்ணிக்கை' என்று வைத்துப் பார்த்தோம். போஸ்ட்கிரெஸ் அதை 'முன்னிருப்போர்_எண்ணிக' என்று வெட்டிவிட்டது! பெயர் 63 பைட்டுக்குள் அடங்க வேண்டுமாம். தமிழிலோ எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியே 3 பைட். ஆக 21 குறிகளுக்கு மேல் இடமில்லை. சிரித்துக்கொண்டே அதை விட்டோம். வரிசையில் நிற்பவள் அறிய விரும்புவது 'நான் எத்தனையாவது ஆள்?' என்பதைத்தானே? அதனால் உள்ளே அர்ரே_பொசிஷனைப் பயன்படுத்தி, வெளியே 'வரிசை_எண்' என்று பெயர் வைத்தோம். முதல் ஆளுக்கு 1. பட்டியலில் இல்லாதவளுக்கு, 'உன் பெயர் பதியப்படவில்லை. சிஸ்டரிடம் கேள்' என்று திரையில் வரும்.

அதை முதலில் சோதிக்க அந்தத் தங்கையையே அழைத்தோம். மன்னிப்பும் கேட்டோம். அவள் இரண்டு விதமாகவும் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்போது யாரும் திரும்பிப் போகமாட்டார்கள், அக்கா" என்றாள். எங்களுக்கு அதுவே மதிப்பெண்.

அன்புத் தங்கைகளே, நாளை நீங்களும் இந்தக் கணினி அறைக்கு வருவீர்கள். ஒன்றை எழுதி முடித்ததும், அதை எழுதாத ஒருத்தியிடம் பெயரை மட்டும் சொல்லி, அது என்ன செய்யும் என்று கேளுங்கள். அவள் சொல்வதும் நீங்கள் எழுதியதும் ஒன்றானால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டிருந்தால் ஒரு தங்கைக்குத் தேர்வுக்கு முன்பே புத்தகம் கிடைத்திருக்கும்.

— பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் மாணவியர்