மிதிவண்டியும் ஐந்தாம் சக்கரமும்

நுழையும்முன்

மிதிவண்டி மனிதரைச் சுமப்பது. நெடும்பயணம் என்று வந்துவிட்டால், மனிதர் மிதிவண்டியைச் சுமந்துசெல்ல வேண்டியதாகிறது. அதை ஏன் சுமக்கின்றனர், எவ்வாறு சுமக்கின்றனர், சுமக்க இயலாதபோது எதை இழக்கின்றனர் என்பவற்றைப் பின்னலாடை நகரின் ஓட்டுநர் ஒருவரின் பயணத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை.

கட்டப்பட்ட மிதிவண்டி

திருப்பூரில் மாலை சாயும் நேரம். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் முற்றத்தில் நாற்பது அடிக் கண்டெய்னரைச் சுமந்த டிரெய்லர் லாரி நிற்கிறது. பனியன்கள் அடுக்கிய அட்டைப்பெட்டிகளைச் சுமைப்பணியாளர்கள் வரிசையாக ஏற்றி முடிக்கின்றனர். கதவுகள் மூடப்பட்டு முத்திரை இடப்படுகின்றன. ஓட்டுநர் ஒருமுறை வண்டியைச் சுற்றி வருகிறார். டயர்களைத் தட்டிப் பார்க்கிறார். பிறகு சுவரோரம் சாத்தியிருந்த பழைய மிதிவண்டியை உருட்டிக்கொண்டு வருகிறார்.

அது அவருடைய மூத்த மகள் பதினோராம் வகுப்பில் பெற்ற விலையில்லா மிதிவண்டி. இரண்டு ஆண்டுகள் அவளைப் பள்ளிக்குச் சுமந்தது. அவள் கல்லூரிக்குப் பேருந்தில் செல்லத் தொடங்கியதும் தந்தையிடம் வந்து சேர்ந்தது. இப்போது அது தூத்துக்குடிக்குப் போகிறது.

புதிதாகச் சேர்ந்த உதவியாளருக்கு இது வியப்பாக இருந்தது. "ஏனுங்கண்ணா, இந்தப் பழைய சைக்கிள அத்தன தூரம் சொமந்துட்டுப் போகோணுமா?" என்று கேட்டார். ஓட்டுநர் கயிற்றை இறுக்கியபடியே, "தூரத்த எல்லாம் லாரி பாத்துக்கும் தம்பி, கிட்டத்துக்குத்தான் சைக்கிள் வேணும்" என்றார்.

சிறு தூரங்களின் ஊர்

அவ்விடை திருப்பூருக்கு முழுவதும் பொருந்தும். இவ்வூரில் ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நூற்பாலையிலிருந்து வரும் நூல் ஓரிடத்தில் துணியாகப் பின்னப்படுகிறது. சாயப்பட்டறையில் நிறம் பெறுகிறது. வேறோர் இடத்தில் வெட்டப்படுகிறது. இன்னோர் இடத்தில் தைக்கப்படுகிறது. பிசிறு வெட்டுதல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல கைகள் கடந்தே அது பெட்டிக்குள் செல்கிறது. இந்நிலையங்களுக்கு இடையே உள்ளவை சிறு தூரங்கள். பெரிய வண்டி நுழைய இயலாத சந்துகளில் துணிக்கட்டுகளைக் கொண்டுசேர்த்த பெருமை, மோட்டார் வண்டிகள் பெருகுவதற்குமுன், மிதிவண்டிக்கு உண்டு.

அவிநாசி, பல்லடம், மங்கலம், ஊத்துக்குளிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் கதையும் இதுவே. ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவில் திரும்பும் தொழிலாளிக்குப் பேருந்து முதன்மைச் சாலை வரையே துணை. அங்கிருந்து வீடு வரை உள்ள இருட்டுப் பாதை அவருடைய பொறுப்பு. அதனால்தான் பேருந்து நிறுத்தங்களை ஒட்டி மிதிவண்டி நிறுத்தகங்கள் தோன்றின. பேருந்தின் கூரைமேல் மிதிவண்டியை ஏற்றிக் கட்டிச் செல்லும் வழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது.

ஐந்தாம் சக்கரம்

திருப்பூரிலிருந்து தூத்துக்குடி முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். அத்தொலைவைக் கடக்கும் டிரெய்லர் லாரி இரண்டு பகுதிகளால் ஆனது. முன்னே இழுவை வண்டி. பின்னே சுமை தாங்கும் டிரெய்லர். இழுவை வண்டியின் பின்புறத்தில், மசகு பூசிய கனத்த இரும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. டிரெய்லரின் அடியிலிருந்து இறங்கும் எஃகு முளை அதில் பொருந்திப் பூட்டிக்கொள்கிறது. அம்முளையை மையமாகக் கொண்டே வண்டி வளைவுகளில் திரும்புகிறது. இத்தட்டுக்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். முற்காலத்துக் குதிரை வண்டிகளில் முன்னச்சு திரும்புவதற்காகக் கிடைநிலையில் ஒரு சக்கரம் பொருத்தப்பட்டிருந்தது. நான்கு சக்கரங்களுக்கு அப்பாற்பட்ட அதன் பெயரே இன்றும் நிலைத்துவிட்டது.

இத்தகைய வண்டியில் ஒரு மிதிவண்டியை எங்கே கட்டுவது? எளிதாகத் தோன்றும் இடம் வால்புறம். அமெரிக்காவில் இதே பூட்டுமுறையில் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளில் பயணம் செய்வோர் பலர், மிதிவண்டிகளை அங்குதான் தொங்கவிடுகின்றனர். ஆனால் வால்புறம் பின்னச்சுகளுக்கு வெகு அப்பால் நீண்டிருந்தால், ஏற்ற இறக்கப் பலகையின் நுனியில் அமர்ந்த குழந்தையைப்போல, சாலையின் சிறு பள்ளத்துக்கும் அங்குள்ள பொருள் பெரிதாகத் துள்ளும். இடைவிடாத துள்ளலில் தாங்கியின் பற்றவைப்பு விரிசல் காணலாம். வால்புறத்தில் மிகுதியாகச் சேரும் எடை முன்முளையின்மீது விழவேண்டிய அழுத்தத்தையும் குறைக்கும். கண்டெய்னர் லாரிக்கோ வேறு தடைகளும் உண்டு. பின்கதவு முத்திரையிடப்பட்டது, விளக்குகளும் பதிவெண் பலகையும் மறைக்கப்படக் கூடாதவை.

இழுவை வண்டியின் கூரை இரண்டாவது இடம். அங்கே காற்றின் விசை, தாழ்ந்த மரக்கிளைகள், குறுக்கே செல்லும் கம்பிகள் என இடர்கள் பல. மூன்றாவது இடம், ஓட்டுநர் அறையின் பின்சுவருக்கும் கண்டெய்னருக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அது வெற்றிடமாகத் தோன்றினாலும் வெற்றிடமன்று. வண்டி திரும்பும்போது கண்டெய்னரின் முன்மூலை அவ்விடைவெளிக்குள் சுழன்று நெருங்கும். பிரேக்குக்குரிய காற்றுக்குழாய்களும் மின்கம்பியும் அங்கேதான் தொங்குகின்றன. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மிதிகட்டை அக்குழாயில் சிக்கினால், பெரும் வண்டியே சாலையில் நின்றுவிடும்.

எனவே அந்த ஓட்டுநர் முதலில் வெற்று வண்டியை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்து, மூலை எவ்வளவு நெருங்குகிறது என்று அளந்துகொண்டார். பின்னரே அறையின் பின்சுவரோடு ஒட்டிக் கட்டத் தகுந்த ஓர் இடத்தைத் தேர்ந்தார். புகைக்குழாயின் வெப்பம் டயரைக் கெடுக்கும் என்பதால் அதற்கு எதிர்ப்பக்கமாகவே அவ்விடம் அமைந்தது.

கட்டும் கலை

மிதிவண்டிச் சக்கரத்தின் மெல்லிய கம்பிகள் மேலிருந்து வரும் எடையைத் திறமையாகத் தாங்கும்; பக்கவாட்டில் வரும் அழுத்தத்துக்கு எளிதில் வளைந்துவிடும். ஆதலால் முதன்மைக் கட்டு சக்கரத்தில் விழக்கூடாது; சட்டத்தில் விழவேண்டும். அவர் கைப்பிடியைச் சுவரோடு படியுமாறு திருப்புகிறார். சங்கிலியுள்ள பக்கம் வெளியே இருக்குமாறு நிறுத்துகிறார். இரும்பும் இரும்பும் உரசும் இடங்களில் வெட்டுத்துணிக் கழிவைச் சுற்றுகிறார். பனியன் கம்பெனிகளின் அக்கழிவு, பல ஊர்ப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் பயன்படுவது. இங்கே மிதிவண்டிக்கு மெத்தையாகிறது.

சட்டத்தில் இரண்டு கட்டுகள். சக்கரங்கள் தாமாகச் சுழலாதிருக்கத் தளர்வான சிறு கட்டு ஒவ்வொன்று. ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் கயிறு நெகிழும். ஆகவே தாராபுரம் வருமுன் வண்டியை ஓரங்கட்டி, முடிச்சுகளை மீண்டும் இறுக்குகிறார். இருபது கிலோகூட இல்லாத சுமைக்கு இவ்வளவு கவனமா என்று உதவியாளர் கேட்கவில்லை. அவிழ்ந்து விழும் மிதிவண்டி பின்னால் வருபவரின் உயிரைப் பறிக்கும் என்பதை அவரும் உணர்ந்துகொண்டார்.

கைவிடப்பட்டவை

மிதிவண்டியைத் தம்மோடு சுமந்துசெல்ல வாய்ப்பற்றோரும் உள்ளனர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, பஞ்சாப், அரியானா மாநிலங்களில் வேலையிழந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டிகளில் உத்தரப்பிரதேசம், பீகாரை நோக்கிப் புறப்பட்டனர். உத்தரப்பிரதேசத்தின் சகாரன்பூரில் அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டுத் தங்கவைக்கப்பட்டனர். பின்னர் ஊர்களுக்கு அனுப்பிவைக்கப்பட்டனர். பயண ஏற்பாடு மனிதர்களுக்கு இருந்தது, மிதிவண்டிகளுக்கு இல்லை. அவை அங்கேயே நிறுத்தப்பட்டன. பலர் திரும்பிவந்து தம் வண்டிகளைப் பெற்றுக்கொண்டனர். உரியவர் வராமல் எஞ்சிய ஏறத்தாழ 5,400 மிதிவண்டிகள், 2022ஆம் ஆண்டு சுமார் 21 இலட்சம் ரூபாய்க்கு ஏலம் விடப்பட்டன. கணக்கிட்டால் ஒன்றின் விலை நானூறு ரூபாய்கூட இல்லை.

நானூறு ரூபாய்ப் பொருளை மீட்க, அதைவிடக் கூடுதலாகச் செலவிட்டுப் பயணம் செய்ய ஏழைக்கு இயலுமா? எனினும் அவருக்கு அதன் மதிப்பு நானூறு ரூபாய் அன்று. வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அவரைக் கொண்டுசேர்த்த கால்கள் அவை.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் திருப்பூரிலிருந்தும் வடமாநிலத் தொழிலாளர்களுக்காகச் சிறப்புத் தொடர்வண்டிகள் புறப்பட்டன. சாதாரண நாள்களில் மிதிவண்டியைப் பார்சல் அலுவலகத்தில் பதிவுசெய்து, தொடர்வண்டியின் சரக்குப் பெட்டியில் அனுப்பலாம். இடர்மிகுந்த நாள்களில் உயிரோடு ஊர் சேர்வதே பெரிதாகிவிடுகிறது.

கிட்டத்தின் அருமை

சிறு தூரம் ஒரு வாழ்க்கையைத் தடுக்கவும் கூடும் என்பதைத் தமிழ்நாடு முன்பே உணர்ந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் ஊரகப் பெண்களுக்குக் கற்பித்தது. 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் பிற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயனை ஆராய்ந்தோர், உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டர் அல்லது அதற்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பெண்கள் சேர்க்கை மிகுதியும் உயர்ந்ததைக் கண்டனர். பள்ளி இருந்தது, சாலை இருந்தது, இடையில் நின்றவை அந்த மூன்று கிலோமீட்டர்களே.

விடியற்பொழுதில் உப்பளங்களைக் கடந்து லாரி தூத்துக்குடியை அடைந்தது. துறைமுகத்துக்குச் செல்லும் சாலையில் வண்டிகள் நீண்ட வரிசையில் காத்திருந்தன. வரிசையில் நிற்கும் டிரெய்லரைத் தேநீருக்காகத் திருப்பிக்கொண்டு போக முடியாது. உதவியாளரை வண்டிக்குக் காவல் வைத்துவிட்டு, ஓட்டுநர் முடிச்சுகளை அவிழ்த்து மிதிவண்டியை இறக்கினார். துணிக்கழிவை மடித்து இருக்கைக்குக் கீழே பத்திரப்படுத்தினார். தேநீர் வாங்கக் குடுவையைக் கைப்பிடியில் மாட்டினார்.

நான்கு வண்டிகளைத் தாண்டியிருப்பார். முன்பின் அறியாத ஓட்டுநர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். தம் உதவியாளருக்கு இரவு முழுவதும் காய்ச்சல் என்றும், மருந்துக்கடை எவ்வளவு தொலைவில் உள்ளது என்றும் கேட்டார். "ரெண்டு கிலோமீட்டர் இருக்குமுங்க" என்றார் இவர். பிறகு கீழே இறங்கி, குடுவையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிதிவண்டியை அவரிடம் நீட்டினார்.