வெற்றிக் கோப்பையும் வெறுமைத் திடலும்

எங்கள் பங்கில் பீடச் சிறுவனாக இருக்கும் பத்து வயதுப் பையன் ஒருவன், சென்ற மாதம் தன் அண்ணனின் பழைய பனியனை அணிந்துகொண்டு மறைக்கல்வி வகுப்புக்கு வந்திருந்தான். சாயம் வெளுத்த அதன் நெஞ்சில் ‘சென்னை சிட்டி’ என்ற எழுத்துகள் பாதி அழிந்து நின்றன. “இந்த டீமு இப்ப எங்கிட்டுப் பெரியப்பா ஆடுது?” என்று கேட்டான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பனியன் எங்கள் ஊருக்கு வந்த கதை எங்களுக்குத் தெரியும். அதை வாங்கிக் கொடுத்தவர்களே நாங்கள்தாம்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. சாம்பல் புதன் கழிந்து மூன்றே நாள்கள். கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றிலிருந்து பங்கு இளைஞர்கள் பதினான்கு பேரும், அவர்களுக்குத் துணையாகப் பெரியவர்கள் நால்வரும் ஒரு வேனில் கோவைக்குப் புறப்பட்டோம். தவக்காலத்தில் பந்தாட்டம் பார்க்கப் போவதா என்று வீட்டில் கேட்டவர்களுக்கு, ஞாயிறு காலைத் திருப்பலிக்குத் திரும்பிவிடுவோம் என்று வாக்களித்தோம். பையன்களில் பாதிப் பேர் விடியுமுன் ஜீப்பேறி, கம்பமெட்டு வழியாக மலையில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர்கள். ஒரு நாள் கூலியை இழந்துதான் வந்தார்கள்.

அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் போட்டியின் கடைசி நாள் ஆட்டம். சென்னை சிட்டி வென்றால் இந்திய வாகையர். தவறினால், அதே வேளையில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தட்டிச் செல்லக்கூடும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எதிரணியான மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அரங்கம் வாடிக் கிடந்தது. பிறகு பெத்ரோ மான்சி பெனால்டி உதையில் சமன் செய்தார். தற்காப்பு வீரரான கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3-1. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகள், நம்மவர்கள் 43. ஒரே ஒரு புள்ளியில், தமிழகத்தின் அணி ஒன்று முதன்முறையாக ஐ-லீக் கோப்பையைக் கைப்பற்றியது. முந்தைய பருவத்தில் பத்து அணிகளுள் எட்டாவதாக வந்த அணி அது! எங்கள் பையன்கள் அழுததை நாங்கள் கண்டோம். நாங்களும் அழுதோம் என்பதை இன்று சொல்வதில் வெட்கமில்லை. அரங்கத்துக்கு வெளியே நடைபாதையில் வாங்கியவையே அந்தப் பனியன்கள்.

அக்கழகத்தின் வேர் 1946இல் சென்னையில் தோன்றிய ‘நேதாஜி’ விளையாட்டுக் கழகம் என்பர். நெடுங்காலம் சென்னை லீக் ஆட்டங்களோடு நின்றிருந்த அது, 2016-17 பருவத்தில்தான் ஐ-லீக்கில் காலடி வைத்தது. குமரி மாவட்டக் கடற்கரையில் இரவிபுத்தன்துறை என்றொரு மீனவச் சிற்றூர் உண்டு. அவ்வூரின் மைக்கேல் சூசைராஜும் அவருடைய அண்ணன் ரெஜினும் இக்கழகத்தின் சார்பில் ஆடியவர்கள். கோவிலும் கடலும் பந்துமாக வளர்ந்த அப்பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, எங்கள் பையன்கள் தங்களைப் பற்றியே பேசுவதாகத் தோன்றும்.

ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. அந்நாளில் ஐ-லீக்கை வென்றவருக்கு, பணமும் தொலைக்காட்சியும் குவிந்திருந்த இந்தியன் சூப்பர் லீக்கின் கதவு திறக்கவில்லை. அந்த வழி 2023இல்தான் திறந்தது. 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் இதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்தில் பஹ்ரைனின் ரிஃப்பா அணியிடம் தோற்றது. பிறகு கொள்ளைநோய் வந்தது. 2020-21 பருவம் முழுவதும் கொல்கத்தா வட்டாரத்திலேயே, பார்வையாளரற்ற அரங்குகளில் நடந்தது. அடுத்த பருவத்தின் அணிப் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. கோப்பை வென்று மூன்றாண்டுகள்கூட ஆகவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1996-97இல் முதலாவது தேசிய லீக்கை வென்ற பக்வாராவின் ஜே.சி.டி. அணி 2011இல் கலைக்கப்பட்டது. உக்ரைனில் 1918இல் பிறந்த தினிப்ரோ கழகம் இருமுறை சோவியத் வாகையர். 2015இல் ஐரோப்பா லீக் இறுதியாட்டம் வரை சென்று, வார்சாவில் செவியாவிடம் 2-3 என்று தோற்றது. இரண்டே ஆண்டுகளில், கடன் சுமையால் மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டு, 2019இல் மறைந்தே போனது. உரிமையாளரும் கூட்டமைப்பும் கணக்கரும் முடிவெடுக்கிறார்கள். பனியன் அணிந்து தொண்டை வற்றக் கூவியவனை யாரும் கேட்பதில்லை.

இவ்வாறெல்லாம் அந்தச் சிறுவனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, “அப்ப நம்ம ஊரு டீமு ஏன் பெரியப்பா இல்ல?” என்றான்.

அந்தக் கேள்விக்கு நாங்கள் ஆயத்தமாக இல்லை.

எங்கள் கோவிலுக்குப் பின்னால் ஒரு திடல் இருந்தது. கோவைக்குப் போய்வந்த பையன்கள் அங்கே மூங்கில் நட்டுக் கோல் கம்பம் அமைத்தார்கள். மலையிலிருந்து இறங்கியதும் முகம்கூடக் கழுவாமல் இருட்டும்வரை ஆடினார்கள். 2021இல் அவ்விடத்தில் திருமண மண்டபம் கட்டலாம் என்ற பேச்சு எழுந்தது. பங்குக்கு வருமானம் வேண்டும், ஏழை வீட்டுத் திருமணங்களுக்கும் உதவும் என்றார்கள். அது பொய்யன்று. கூட்டத்தில் நாங்கள் நால்வரும் கையுயர்த்தினோம். பையன்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. மூங்கில்களைத் தாங்களே பிடுங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார்கள். இன்று ஞாயிறு திருப்பலியில் பின்வரிசைகள் காலியாக இருக்கின்றனவே என்று நாங்கள்தாம் வருந்துகிறோம்!

வெளியூர் உரிமையாளர்களைக் குறைகூறிய நாக்கு, அன்று எங்களுக்கே திரும்பியது. தொலைவில் உள்ளோர் செய்தால் அநீதி. அருகில் நாம் செய்தால் நிர்வாகமா?

அச்சிறுவனிடம் உண்மையைச் சொன்னோம். “தப்பு எங்க மேலதாம்ப்பா.” அவன் அதற்குப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் ஊரெல்லையில் நிலம் வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்தோம். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் வயல். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. அடுத்த நடவு வரை ஆடிக்கொள்ளட்டும் என்றார். பழைய பையன்களின் வீடுகளுக்கு நாங்களே நடந்துபோய் அழைத்தோம். பதினான்கு பேரில் ஐவர் வந்தார்கள். அவர்களுள் ஒருவனுக்கு இப்போது கைக்குழந்தை இருக்கிறது. சுவரோரம் சாய்ந்திருந்த மூங்கில்களில் இரண்டைக் கரையான் அரித்துவிட்டது. மீதியைத் தோளில் சுமந்துபோய் வயலில் நட்டோம். இம்முறை எங்கே நடவேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டே நட்டோம்.